அடைத்த பல்லின் ஆயுள்

பல் அடைக்கப் பயன்படும் பொருள்களைச் சுற்றுச்சூழல் நோக்கில் ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரிக்கலாம் என்று சில மாதங்களுக்கு முன் உட்கார்ந்தேன். தயாரிப்புக்கு ஆகும் மின்சாரம், பொதியுறை, கழிவு, நச்சுத்தன்மை என்று கட்டங்களை வரிசையாகப் போட்டு நிரப்பிக்கொண்டே வந்தேன். முடிக்கும் தறுவாயில்தான், அந்த அடைப்பு வாய்க்குள் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதற்கு ஒரு கட்டமே போடவில்லை என்று உறைத்தது. செருப்பை எடைபோட்டுவிட்டு, அது எவ்வளவு தூரம் நடக்கும் என்று கேட்காமல் விட்ட கதைதான்.

பல் அடைக்கும் பொருள்களின் சூழல் பாதிப்பு பற்றிய விவாதம் முதன்மையாகப் பாதரசத்தைச் சுற்றியே நடந்துவருகிறது. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியோடு கலந்து செய்யப்படும் அமால்கம் அடைப்பில் ஏறத்தாழப் பாதி எடை பாதரசம். மருத்துவமனைக் கழிவுநீர் வழியாகவும், இறந்தவர்களை எரியூட்டும்போது எழும் புகை வழியாகவும் அது சூழலைச் சென்றடைகிறது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை 2013ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தபோது, அமால்கத்தைப் படிப்படியாகக் குறைப்பது மட்டுமே அதன் இலக்காக இருந்தது. 2022இல், மருத்துவர் அவசியம் என்று கருதினாலன்றி, பால்பற்களிலும் 15 வயதுக்குட்பட்டோர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து, மிகச் சில விலக்குகளோடு, அதை நிறுத்திவிட்டது. பாதரசம் போக வேண்டியதுதான் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், போகிற பொருளின் இடத்தில் எது வந்து உட்காருகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் ரெசின் என்ற பிசின் கலவை பார்வைக்கு அழகு. ஆனால் வேலை நடக்கும் இடத்திடம் அது நிறையவே எதிர்பார்க்கும். பல் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும், அமிலம் தடவிக் கழுவி ஒட்டும் திரவம் பூச வேண்டும், ஒவ்வோர் அடுக்காக வைத்து நீல ஒளி காட்டி இறுக்க வேண்டும். நடுவில் எச்சில் பட்டால் ஒட்டு பலவீனமாகி, ஓரத்தில் கசிவும் மீண்டும் சொத்தையும் வருகின்றன. பழுதான அடைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்தே போவதால், இன்றைய சிறு குழி நாளைய பெருங்குழியாகிறது. அதற்கடுத்து வேர்ச் சிகிச்சை, பல்லுக்கு மேல் உறை என்று செலவும் கழிவும் ஏறிக்கொண்டே போகும். பாதரசமில்லாப் பொருள் என்பதற்காக மட்டும் இதைப் பசுமையானது என்று அழைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

சமூகப் பல்நலத்தில் வேலை செய்பவர்களின் கைக்குப் பழகிய பொருள் கிளாஸ் அயனோமர் சிமென்ட். இங்கிலாந்தில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட இது, கண்ணாடிப் பொடியும் பாலிஅக்ரிலிக் அமிலமும் சேர்ந்து இறுகுவது. கலக்கும் வேலையை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் நுணுக்கம் தெரியும். புட்டியை முதலில் படுக்கையாகச் சாய்த்துக் காற்றுக் குமிழியை விலகவிட்டு, பிறகு செங்குத்தாகப் பிடித்து ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். பொடியை இரண்டாகப் பிரித்து, அரை நிமிடத்துக்குள் குழைத்து முடிக்க வேண்டும். குழைத்த கலவை பளபளவென்று இருக்கும்போதே பல்லுக்குள் போய்விட வேண்டும், ஏனென்றால் பளபளப்பு மங்கினால் பல்லிலுள்ள கால்சியத்தோடு பிணைய வேண்டிய அமிலம் தீர்ந்துபோயிற்று என்று பொருள். என் முதல் கலவை தட்டிலேயே கல்லாகிவிட்டது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

1980களில் தான்சானியாவில் பிறந்த ஏஆர்டி (பல்லை அதிகம் காயப்படுத்தாமல் அடைக்கும் சிகிச்சை) என்ற முறை இன்று இதைத்தான் நம்பியிருக்கிறது. துளைக்கும் கருவியும் மின்சாரமும் இல்லாமல், கைக்கருவிகளால் சொத்தையின் மெத்தென்ற பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, சிமென்டை வைத்து, வாசலின் தடவிய விரலால் அழுத்திவிடுவார்கள். பல்லின் ஒரு பரப்பில் மட்டும் உள்ள குழியில் இது நன்றாகவே நிற்கிறது. இரண்டு பற்களுக்கு இடையே பரவிய குழியில், குறிப்பாகப் பால்பற்களில், விரைவில் உடைகிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் சராசரி ஆயுள் என்று ஒற்றை எண்ணைத் தருவது வாசிப்பவரை ஏமாற்றுவதாகும்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இந்தச் சிமென்டையும் சில்வர் டயமின் ஃபுளூரைடையும் சேர்த்தது. பின்னது ஒரு சொட்டுத் திரவம். தடவினால் பல நேரங்களில் சொத்தை அந்த நிலையிலேயே நின்றுவிடும், தடவிய இடம் மட்டும் நிரந்தரமாகக் கறுத்துப்போகும். பின்பல்லில் இதைப் பெரும்பாலான பெற்றோர் பொருட்படுத்துவதில்லை, முன்பல் என்றால் முகம் மாறிவிடும். இந்த முகமாற்றமும் ஆய்வுத் தரவுதான். ஏற்கப்படாத சிகிச்சை, எவ்வளவு குறைந்த கழிவை உண்டாக்கினாலும், அலமாரியிலேயே கிடக்கும்.

இன்னொரு விஷயம் என் அட்டவணையைத் தலைகீழாக்கியது. இங்கிலாந்தின் பொதுப் பல்மருத்துவ சேவையின் கரியமில வாயுச் சுமையைக் கணக்கிட்டபோது, அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளும் ஊழியர்களும் வந்துபோகும் பயணத்தால் விளைவது என்று தெரிந்தது. அப்படியானால், ஒரு கிராம் சிமென்டின் பொதியுறையைப் பற்றி நாம் நடத்தும் வாதத்தைவிட, அடைப்பு விழுந்ததால் ஒருவர் மீண்டும் ஒருமுறை வந்துபோவது கனமானது. பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கே கைக்கருவிப் பெட்டியோடு போவதும், ஃபுளூரைடு பற்பசையால் குழியே விழாமல் பார்த்துக்கொள்வதும் இந்தக் கணக்கில் பெரிய வரவாகின்றன.

ஆனால் நம் அளவுகோல் இதைக் காட்டாது. சொத்தையான, இழந்த, அடைத்த பற்களைக் கூட்டிச் சொல்லும் டிஎம்எஃப்டி குறியீடு 1938இல் க்ளைனும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்விலிருந்து வழிவழியாக வருவது. ஒரே பல்லை ஒருமுறை அடைத்தாலும் ஐந்து முறை அடைத்தாலும் அதில் எண்ணிக்கை ஒன்றுதான். அதனால் என் அட்டவணையில் இப்போது ஒவ்வொரு பல்லுக்கும் எதிரே இரண்டு புதிய கட்டங்கள் இருக்கின்றன: இது எத்தனையாவது அடைப்பு, இதற்காக எத்தனை முறை வந்துபோனார்கள். பழைய கள ஆய்வுப் படிவங்களை எடுத்து நிரப்ப முயன்றேன். அந்தக் கேள்விகளை அன்றைக்கு நாங்கள் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.