கை கழுவும் ஒரு நிமிடம்

நர்ஸ் வேலையில் சேர்ந்து அப்போது எனக்கு இரண்டாவது ஆண்டு. நைட் டியூட்டி, மணி மூன்றைத் தாண்டியிருந்தது. 7ஆம் படுக்கையின் மானிட்டர் அலறுகிறது. 12ஆம் படுக்கைக்கு ஆன்டிபயாடிக் போடும் நேரம் கடந்துவிட்டது. புது அட்மிஷன் ஒன்று ஸ்ட்ரெச்சரோடு வாசலில் நிற்கிறது. போன் வேறு விடாமல் அடிக்கிறது. ஆம்ப்யூல் என்கிற சின்னக் கண்ணாடி மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தேன். அதன் கழுத்தில் இருந்த புள்ளி கண்ணுக்குத் தெரிந்தது. அதை எந்தப் பக்கம் அழுத்தி உடைப்பது என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. ஏதோ ஒரு பக்கம் அழுத்தினேன். கண்ணாடி நொறுங்கி மருந்து கையுறையில் வழிந்தது. கேஸ் ஷீட்டைப் பார்த்தால் எழுத்து தெரிகிறது, படித்தது மண்டையில் ஏறவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அதை முழுதாக உணர்ந்த இரவு அது.

சீனியர் சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். "மானிட்டரை நான் பார்த்துக்கறேன். நீ போய்க் கையைக் கழுவிட்டு வாம்மா. அவசரப்படாம கழுவு" என்றார்.

திட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழாயைத் திறந்து, பழக்கப்பட்ட வரிசையில் கழுவ ஆரம்பித்தேன். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்குகள், கட்டைவிரல், நகக்கண். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. மணிக்கட்டில் அது ஓடும்போதுதான் என் தோள்கள் காதுவரை ஏறி நிற்பது எனக்கே தெரிந்தது. திரும்பி வந்தபோது மானிட்டரை மட்டும் சிஸ்டர் அடக்கியிருந்தார். மற்ற மூன்றும் அப்படியே காத்திருந்தன. ஆனால் எது முதலில் என்று இப்போது எனக்குத் தெரிந்தது.

சோப்பும் தண்ணீரும் வைத்துக் கை கழுவ 40 முதல் 60 நொடி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒரு ஷிஃப்ட்டில் எத்தனையோ முறை கழுவுகிறோம். கிருமிக்காக மட்டுமே கழுவிக்கொண்டிருந்த அந்த நேரத்தை, அந்த இரவுக்குப் பிறகு எனக்காகவும் எடுத்துக்கொண்டேன். தியானம் செய்யத் தனி அறையோ அரை மணி நேரமோ எங்கள் வேலையில் கிடைக்காது. கிடைப்பது இந்த ஒரு நிமிடம்தான்.

அந்த நிமிடத்தில் நான் செய்வது இதுதான். 4 எண்ணும்வரை மூக்கால் மூச்சை உள்ளே இழுப்பேன், 6 எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுவேன். ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 10 நொடி; கை கழுவி முடிப்பதற்குள் ஆறு மூச்சு. எண்ணுவதே சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும். அவர்கள் எண்ணிக்கையை விட்டுவிடலாம். வெளியே விடும் மூச்சு உள்ளே இழுப்பதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் போதும்.

வெளிமூச்சுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். இதயம் ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது குறையும். இதயத்துக்குப் பிரேக் போடுகிற வேகஸ் நரம்பு அப்போது கூடுதலாக வேலை செய்கிறது. மனசுக்குள் எவ்வளவு கட்டளை போட்டாலும் இதயத் துடிப்பு கேட்காது. மூச்சு கேட்கும், அதன் வழியாகத்தான் இதயத்திடம் நாம் பேச முடிகிறது.

இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடப்பதைப் பார்க்கிறேன். பதறுகிறவரிடம் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் "நல்லா மூச்சை இழு, இன்னும் இழு" என்கிறார்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்பது இயல்பு. பதற்றத்தில் அது 30ஐக்கூடத் தாண்டலாம். ஏற்கெனவே வேகமாக மூச்சு வாங்குகிறவர் இன்னும் பலமாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். அதனால்தான் தலை சுற்றுகிறது, உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது, விரல் நுனிகளில் ஊசி குத்துவது போல இருக்கிறது, சிலருக்கு விரல்கள் இழுத்துக்கொள்ளவும் செய்யும். அதைப் பார்த்து அவர் இன்னும் பயப்படுவார். நான் சொல்வது ஒன்றே ஒன்று: "முதலில் ஊதி விடுங்க."

"டென்ஷன் ஆகாதே" என்ற சொல்லால் யாரும் அமைதியானதை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. டென்ஷன் என்பது எல்லாவற்றையும் போட்டுக் கட்டிய மூட்டை. பிரித்துப் பார்த்தால் உள்ளே பயம் இருக்கும், கோபம் இருக்கும், அவமானம் இருக்கும், வெறும் தூக்கமின்மையாகக்கூட இருக்கும். அன்று இரவு என்னிடம் இருந்தது, உதவி கேட்டால் "இவளுக்கு வேலை தெரியாது" என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அதை வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் கண்டுபிடித்தேன். 2007இல் அமெரிக்காவில் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்வு எனக்குப் பிடிக்கும். உணர்ச்சி தெரியும் முகங்களின் படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு தணிந்திருந்தது. இப்போதெல்லாம் கை கழுவும்போது எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்: இது என்ன, பயமா, கோபமா? பெயர் கிடைத்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும்.

உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு. செருப்புக்குள்ளேயே கால்விரல்களை 5 நொடி இறுக்கி மடக்கி, சட்டென்று விட்டுவிடுங்கள். பிறகு கெண்டைக்கால், முஷ்டி, தோள். பக்கத்து சீட்டில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களிலேயே தசைத் தளர்ச்சிப் பயிற்சியாக வளர்த்தெடுத்ததன் எளிய வடிவம் இது. முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்துக்கொள்வதும் நாடித்துடிப்பைக் குறைக்கும். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சு வலி வந்து, அது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் 'பதற்றம்தான்' என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூச்சால் ஆகாத விஷயங்களும் இருக்கின்றன. ஒரு காலத்தில் பல மாதங்கள், இரண்டு பேர் பார்க்க வேண்டிய வார்டை நான் ஒருத்தியே பார்த்தேன். எத்தனை முறை கை கழுவினாலும் படுக்கைகளின் எண்ணிக்கை குறையவில்லை. தினமும் டியூட்டிக்குக் கிளம்பும்போதே வயிறு கலங்கியது. அப்படிப்பட்ட இடத்தில் அமைதியாக இருக்கக் கற்றுக்கொள் என்று ஊழியரிடம் மட்டும் சொல்வது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பயிற்சி எனக்கு ஒன்றைக் கொடுத்தது. மேலதிகாரியின் அறையில் அழாமல், குரல் நடுங்காமல், எத்தனை நோயாளிகள், எந்தெந்த மருந்து எவ்வளவு தாமதமானது என்று எழுதிவைத்த காகிதத்தைப் பார்த்துப் படித்தேன். "இன்னொரு ஆள் வேண்டும் மேடம்" என்று முடித்தேன். ஆள் வர மூன்று வாரம் ஆனது. வந்தார்.

சமீபத்தில் ஒரு இரவு, ஒரு பெண் மூச்சு வாங்கியபடி படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தார். விரல்கள் இழுத்துக்கொண்டிருந்தன. டாக்டர் வந்து பார்த்து, ஈசிஜி எடுத்து, இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துவிட்டுப் போயிருந்தார். மூச்சை எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 34.

"எனக்கு ஏதாவது ஆயிடுமா சிஸ்டர்?"

"பயமா இருக்காம்மா?"

தலையாட்டினார். கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்கூடச் சேர்ந்து ஊதி விடுங்க. உள்ள இழுக்கறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, அது தானா வரும்." முதல் நாலைந்து மூச்சு சேரவில்லை. நடுவில் அழுதார், அழட்டும் என்று விட்டேன். அப்புறம் மெல்ல மெல்ல அவருடைய மூச்சு என்னுடையதோடு வந்து சேர்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து என் உள்ளங்கையில் விரிந்தன. மறுபடி எண்ணினேன். கேஸ் ஷீட்டில் 18 என்று எழுதிவிட்டு, கை கழுவிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனேன்.