ரப்பர் போட முடியாத கோடுகள்

சுவிஸ் சிற்பி ஜாக்கோமெட்டி என்றாலே அந்த ஒல்லியான வெண்கலச் சிலைகளைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அவருடைய லித்தோகிராஃப்கள்தான், அதாவது கல்லிலிருந்து அச்செடுக்கும் படங்கள்தான், உயிர்.

பென்சில் என்றால் வரைவார், ரப்பரால் அழிப்பார், மறுபடி வரைவார். இங்கே அது நடக்காது. பிசுக்கான கிரேயானால் தாளில் இழுத்தால் இழுத்ததுதான். அப்படியே கல்லுக்கு மாறி அச்சில் விழுந்துவிடும். தயங்கிய கோடும் தப்பிய கோடும் சேர்ந்தேதான் ஒரு மனிதர் உருவாகிறார். உடம்பு நாலைந்து கீற்றுகளோடு வெள்ளையில் கரைய, முகத்தில் மட்டும் கோடுகள் நூல்கண்டு போலச் சிக்கிக் கருத்திருக்கும். அந்த முகத்தை விட்டு எனக்குக் கண் நகராது.

போருக்குப் பிந்தைய பாரிஸில் பலரும் முழு அரூபத்துக்குப் போனபோதும், 1966இல் சாகும்வரை இவர் மனித உருவத்தை விடவில்லை. தெரு, கஃபே, தன் ஸ்டூடியோ என்று கடைசி வருடங்களில் வரைந்த 150 லித்தோகிராஃப்கள் 1969இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. அதில் ஒரு தாளையாவது நேரில் பார்த்துவிட வேண்டும்.