கத்தரிக்காய்த் தோலும் கோப்பைச் சில்லும்

பூமிசாஸ்திர மாஸ்டர் ஒருநாள் வதங்கிய கத்தரிக்காயோடு வகுப்புக்கு வந்தது என்னோடு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். "பூமி ஆறிச் சுருங்கினது. தோல் இப்படி மடிஞ்சதுதான் மலை" என்றார். அல்ப்ஸும் இமயமும் அதற்குள் அடங்கிவிட்டன. நாங்களும் கேள்வி கேட்கவில்லை. மலை என்று எங்களுக்கு இருந்தது கீரிமலை ஒன்றுதான், அதுவும் பெயரில் மட்டும்.

1986இல் சுவிஸ் வந்து, செர்மாற்றில் ஒரு ஹோட்டலில் கோப்பை (சாப்பாட்டுத் தட்டு) கழுவினேன். லீவு நாளொன்றில் கோர்னர்கிறாற் றெயிலில் ஏறி, றிஃபெல்ஹோர்ன் என்ற பாறைக்குப் பக்கத்தில் இறங்கி நடந்தேன். கரும்பச்சைப் பாறை, பாசி பிடித்த கிணற்றுக்கட்டு மாதிரி வழுக்கியது. நகத்தால் சுரண்டினேன். பாசி வரவில்லை. கல்லே பச்சை. அவ்வழியே வந்த ஊர்க் கிழவர் ஒருவர் "அது கடலடித் தரை" என்றார். என் டொச் (ஜேர்மன் மொழி) பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பிழைக்கவில்லை. அந்தக் கல் சேர்பன்ரினைற். பூமியின் மேலோட்டுக்குக் கீழே கிடந்த பாறைக்குள் தண்ணீர் புகுந்து மாறினால் இப்படியாகும். அதே மலைகளில் பூல்வே பக்கம் தலையணை தலையணையாக எரிமலைக் குழம்புப் பாறையும் உண்டு. குழம்பு தண்ணீருக்குள் வெளிப்பட்டால்தான் அந்த உருவம் வரும். இப்படி ஒன்றாகக் கிடக்கும் கடலடிப் பாறைக் கூட்டத்துக்கு ஒபியோலைற் என்று பெயர். கிரேக்கத்தில் 'ஒபிஸ்' என்றால் பாம்பு. 1813இல் புரொஞ்ஞியார் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தது. ஈரத்தில் அந்தக் கல்லைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான்.

கடலடி மலைக்கு எப்படி ஏறியது? அதற்கு என் தொழிலே உதவியது. ஒரு கோப்பையில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை மற்றக் கோப்பையின் விளிம்பால் வழித்தால் விளிம்போடு குவியும் அல்லவா? ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவுக்கும் ஆபிரிக்கப் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சமுத்திரம் விரிந்தது. பிறகு கரைகள் நெருங்க, அதன் தரை, பூமியின் மேற்புறத்தை மூடியிருக்கும் பெரும் பாறைத் தகடுகளில் எதிரே இருந்த தகட்டுக்கு அடியில் நுழைந்தது. மேலே படிந்திருந்த சேறும் மணலும் வழிக்கப்பட்டு, மடிந்து நொறுங்கி, ஆப்பு வடிவில் குவிந்தன. சிலவேளை கோப்பையே சில்லுப் பறந்து அந்த மிச்சத்தோடு சேர்ந்துவிடும். ஒபியோலைற் அந்தச் சில்லு. செர்மாற்றுச் சில்லுகளில் சில எண்பது கிலோமீற்றர் அளவு ஆழத்துக்குப் போய் வந்தவை. பச்சைக்குள் சிவப்பு மணி பதித்த எக்லொகைற் கல் அங்கேதான் வெந்தது.

சொக்லேற் பெட்டியில் படமாகப் பார்த்த மத்தர்ஹோர்ன் சிகரம் ஆபிரிக்கப் பக்கத்துக் கண்டத்தின் துண்டு. அதற்குக் கீழே அந்தச் சமுத்திரத்தின் எச்சம். நான் நாலு வருடம் அதன் அடிவாரத்தில் இருந்து கோப்பை கழுவியிருக்கிறேன்!

2003இல் ஊருக்குப் போனபோது, செர்மாற்று ஆற்றங்கரையில் பொறுக்கிய பச்சைக்கல் ஒன்றை மாஸ்டரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றி, கல்லை மூக்கருகே பிடித்து, ஆணியால் கீறிப் பார்த்தார். நான் கோப்பைக் கதையைச் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப கத்தரிக்காய் பிழை."

"அந்தக் காலத்துப் புத்தகத்தில் அப்படித்தானே சேர் இருந்தது."

"அது சரி. ஆனா நான் முப்பது வருசம் எல்லா வகுப்புக்கும் அதைத்தானே சொன்னனான். நீ வெளிநாட்டில இருக்கிற பெடியளுக்காவது எழுதிப் போடு."