மீசைக்கோல் அல்ல

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒன்றரைச் சாண் நீளமுள்ள ஒரு மரக்குச்சி இருக்கிறது. ஜப்பானில் வேலை பார்த்த அத்தான், ஹொக்கைடோ தீவின் நிபுதானியிலிருந்து வாங்கி வந்தார். அங்குள்ள பழங்குடிகளான ஐனு மக்கள் இதை இக்குபாசுய் என்பார்கள். இக்கு என்றால் குடித்தல், பாசுய் என்றால் குச்சி.

மேற்புறத்துச் சுழி வேலைப்பாட்டைவிட, அடிப்பக்கத்தைத்தான் நான் அடிக்கடி திருப்பிப் பார்க்கிறேன். கூர்முனையை ஒட்டி ஒரு சிறிய முக்கோண வெட்டு இருக்கிறது. அதுதான் குச்சியின் நாக்கு. வழிபாட்டின்போது ஆண்கள் அரக்குப் பூசிய கிண்ணத்து மதுவில் இந்த முனையைத் தோய்த்து, அடுப்பு நெருப்பிலும், சுருள்சுருளாகச் சீவிய இனாவ் என்னும் மரக்கோல்களின் மேலும் துளித்துளியாக விடுவார்கள். வேண்டுபவரின் சொல் தடுமாறினாலும், குச்சி அதைச் செம்மையாக்கிக் கமுய் எனப்படும் தெய்வங்களிடம் சேர்த்துவிடும் என்று நம்பினார்கள்.

குடிக்கையில் மீசையை ஒதுக்கிப் பிடிக்கவும் இது உதவியதால், அதை மட்டும் பார்த்த வெளியார் 'மீசை தூக்கி' என்று பெயரிட்டார்கள். அருங்காட்சியகக் குறிப்புகளிலும் அதுவே ஏறியது. பூசையில் தீர்த்தம் எடுக்கும் நம் உத்தரணியை 'சிறு கரண்டி' என்று எழுதிவைத்தால் சந்தியாவந்தனம் செய்பவருக்கு எப்படி இருக்கும்? எனக்கு இது பெரிய அநீதியாகவே படுகிறது.

இத்தகைய பொருள்கள் சேகரிப்பாளர்கள் கைக்குப் போவதைக் கண்டு, காட்டு வேலைக்குச் சென்ற கயானோ ஷிகெரு என்ற நிபுதானி ஐனு தம் கூலிக் காசில் அவற்றை வாங்கிச் சேர்த்தார். 1972இல் நிபுதானியில் அவற்றுக்கு அருங்காட்சியகம் அமைந்தது. 1994இல் அவரே ஜப்பான் நாடாளுமன்றத்தில் நுழைந்த முதல் ஐனு ஆனார். எல்ம் மரத்தின் உள்பட்டையை ஊறவைத்து, இழையாகக் கிழித்து, பெண்கள் நெய்யும் அத்துஷ் துணியும் அவர் காத்தவற்றில் உண்டு.

என்னை மிகவும் தொட்டது வேறொன்று. தேய்ந்தோ உடைந்தோ போன கலத்தை ஐனுக்கள் குப்பையில் எறிவதில்லை. உழைத்ததற்கு நன்றி சொல்லி, அதன் உயிரைத் தெய்வ உலகுக்கு முறைப்படி வழியனுப்புவார்கள்.

போன மாதம் அப்பாவின் உத்தரணி காம்போடு முறிந்தது. பழைய பித்தளைக்குப் போட்டுவிடலாம் என்றார் அம்மா. நாற்பது ஆண்டுகள் அப்பாவின் கையில் இருந்ததை எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. ஆடி அமாவாசையன்று ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போகும்போது காவிரியிடம் ஒப்படைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். சரி என்றார்.