பெறப்பட்ட விதிக்குப் புள்ளி குறைத்தல்

அளவையியல் வகுப்பில் நானே அடிப்படை விதிகளிலிருந்து நிறுவிக் காட்டிய ஒரு விதியை, அதாவது ஒரு பெறப்பட்ட விதியை, விடைத்தாளில் பயன்படுத்தியதற்காக ஒரு மாணவிக்குப் புள்ளி குறைத்தேன். அதற்குக் காரணம் இருந்தது; இப்போதும் இருக்கிறது. ஆனால் அன்று அவளுக்குச் சொன்ன பதில் அந்தக் காரணம் அல்ல என்பதுதான் உறுத்துகிறது.

‘பி அல்லது பி அன்று’ என்பதை எடுகூற்று (முன்பே தரப்பட்ட கூற்று) எதுவுமின்றித் தேற்றமாக நிறுவ வேண்டும். அவள் நேரல் பெறுகையில், அதாவது மறுப்பை எடுகோளாகக் கொண்டு முரண்பாட்டைக் காட்டும் முறையில், அதன் மறுப்பை எடுத்துக்கொண்டு, அடுத்த வரியிலேயே டி மோர்கன் விதியால் (‘இது அல்லது அது’ என்பதை மறுத்தால் இரண்டையும் மறுத்ததாகும் என்பது) பி-யின் மறுப்பையும் அந்த மறுப்பின் மறுப்பையும் இணைப்பாகப் பெற்று, எளிமையாக்கலால் இரண்டையும் பிரித்து முரண்பாட்டைக் காட்டிவிட்டாள். உள்ளே இன்னொரு ‘காட்டுக’ வரியைத் திறந்து, அதாவது பெறுகைக்குள் ஓர் உட்பெறுகையைத் தொடங்கி, பி-யை எடுகோளாகக் கொண்டு, கூட்டல் விதியால் (ஒரு கூற்றுடன் ‘அல்லது’ என்று வேறொன்றைச் சேர்க்கும் விதி) ‘பி அல்லது பி அன்று’ என்று பெற்று, அது வெளி எடுகோளுடன் முரண்படுவதைக் காட்டும் வழியையே நான் எதிர்பார்த்தேன்.

“சேர், இந்த விதியை நீங்கள்தானே நிறுவிக் காட்டினனீங்கள். பாவிக்கக் கூடாதெண்டால் ஏன் நிறுவினது?”

“பரீட்சையில திருத்தப்போறது நான் இல்லைப் பிள்ளை.”

அது அதிகாரத்தை முன்னிறுத்தும் போலி வாதம் என்று அவள் திருப்பிச் சொல்லியிருக்கலாம். அதையும் நான்தான் கற்பித்திருந்தேன். சொல்லாமல் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பெறப்பட்ட விதி ஒரு சுருக்கமே. அது வரும் இடத்தில் அதன் நிறுவலை முழுமையாகச் செருகிவிட்டால் அடிப்படை விதிகள் மட்டுமே எஞ்சும். புதிதாக எந்த முடிவும் அதனால் கிடைத்துவிடுவதில்லை. சுற்று வாதம் என்றும் குற்றஞ்சாட்ட முடியாது. அவள் பயன்படுத்திய டி மோர்கன் விதி, உறழ்வின் (‘அல்லது’ கூற்றின்) மறுப்பிலிருந்து மறுப்புகளின் இணைப்புக்கு (‘உம்’ கூற்றுக்கு) செல்வது. அதை நிறுவ, நிறுவ வேண்டியிருந்த அந்தத் தேற்றம் தேவையே இல்லை. எது அடிப்படை விதி என்பதும் முறைக்கு முறை மாறுவது. ஜெர்மானிய அளவையியலாளர் கென்ட்சன் 1934–35 இல் வெளியிட்ட முறையில் டி மோர்கன் அடிப்படை விதி அல்ல. அமெரிக்கப் பாடநூலாசிரியர் கோப்பியின் 19 விதிகளில் அதுவும் ஒன்று. கோப்பியைப் படித்தவர் திருத்தியிருந்தால் அவளுக்கு முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும்.

ஆனாலும் அந்த வினா சோதிப்பது முடிவை அல்ல, உட்பெறுகையைத் திறக்கும் துணிவை. டி மோர்கன் அந்த இடத்தையே மூடிவிடுகிறது. அதே விடைத்தாள் கட்டுக்குள் இன்னொரு மாணவன், ‘பி-யும் கியூ-வும்’ என்பதன் மறுப்பிலிருந்து ‘பி அன்று, கியூ-வும் அன்று’ என்று எழுதி, வலப்பக்கத்தில் அதே விதிப் பெயரைக் குறித்திருந்தான். பெயரை அறிந்தவன், விதியை அறியாதவன். அவன் பிழை வெளியே தெரிந்தது. சரியான வரியை மனனம் செய்து எழுதுபவனின் அறியாமை தெரியாது. (அவள் அத்தகையவள் அல்ல என்று நினைக்கிறேன். ஆனால் அவளை விரித்து எழுதச் சொல்லி நான் பார்க்கவில்லை.)

இப்போது அந்த வினாவில் ‘அடிப்படை விதிகளை மட்டும் பயன்படுத்தி’ என்று சேர்த்துவிடுகிறேன். அதனால் வினாத்தாள் தெளிவாகிறது. அவள் கேட்டதற்கு அது பதில் ஆகாது. அன்று அந்த நிபந்தனை தாளில் இல்லை என்பதும் அவளுக்குச் சாதகமான வாதம். இருந்தும் அந்தப் புள்ளியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால், அதே வரியை எழுதிய மற்றவர்களுக்கும், அவர்களுக்கு விளங்கியதா என்று பாராமலே, கொடுத்திருக்க வேண்டும்.