கேட்டுச்சா என்று கேட்கும் வேலை

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் மதியம் ஒரு வள்ளக்காரர் மாடிப்படி ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சட்டை இன்னும் காயவில்லை. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றபடியே கேட்டார். "பிள்ளே, காலத்த மைக்குல ரெண்டு மீட்டர் அலைன்னு சொன்னீங்க. அங்க வந்தது நாலு மீட்டர். வலை போச்சு. நீ எதப் பாத்துச் சொன்ன?"

என்னிடம் பதில் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், அனுப்பிய அறிக்கையில் இரண்டு மீட்டர் என்றுதான் இருந்தது. அதைத் தமிழில் எழுதி, ஊர் ஊராகப் பங்குப்பேரவை, அதாவது தேவாலய நிர்வாகக் குழு, ஆட்களுக்குப் போன் செய்து சொல்லியிருந்தேன். அவர்கள் கோயில் மைக்கில் வாசித்தார்கள். எங்கும் ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஆனாலும் அந்த அண்ணன் சொன்னது உண்மை.

பிறகுதான் விவரம் தெரிந்துகொண்டேன். அறிக்கையில் வரும் அலை உயரம், கடலில் எழும் அலைகளில் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. இரண்டு மீட்டர் என்று போட்டிருந்தால், இடையிடையே அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமுள்ள தனி அலைகளும் வரலாம். கடல் படித்தவர்களுக்கு இது பால பாடம். வாசிக்கிற எனக்கோ, மைக்கில் சொன்னவருக்கோ, கேட்டு வள்ளம் இறக்கியவருக்கோ இது தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து, "இடையில் இதைப்போல இரண்டு மடங்கு அலையும் வரும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வரியைச் சேர்த்தேன். அந்த ஒரு வரியைச் சேர்க்க எனக்கு உரிமை உண்டா என்று மேலே கேட்டு அனுமதி வாங்கவே நாலைந்து நாள் ஆனது.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், கடலோர ஊர்களுக்கு வானிலைச் செய்தி சேர்க்கும் ஒரு சிறிய மையத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். காலை நாலரைக்கு எழுந்து வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை, இன்காய்ஸ் அறிக்கை இரண்டையும் பார்த்து, நம்மூர்த் தமிழுக்கு மாற்றி, ஐந்தரைக்குள் ஊர்களுக்குச் சொல்ல வேண்டும். "நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை" என்று அறிக்கையில் வரும். எங்கள் மாவட்டக் கடற்கரை முழுவதும் அந்த நான்கு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆனால் தேங்காய்ப்பட்டினத்தில் துறைமுக முகத்துவாரத்தில் அடிக்கிற அலையும் சின்னமுட்டத்தில் அடிக்கிற அலையும் ஒன்றல்ல. "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் மேற்குத் திசைக் காற்று" என்று வந்தால் நான் "கச்சான் காற்று பலமாக இருக்கும், மணிக்கு 55 வரை போகும்" என்று எழுதுவேன். எண்ணையும் விடக் கூடாது, ஊர்ச் சொல்லையும் விடக் கூடாது. எண் மட்டும் சொன்னால் பாதிப்பேர் காதில் விழாது. ஊர்ச் சொல் மட்டும் சொன்னால் இளவட்டங்கள் செல்போனில் பார்த்துவிட்டு, "அக்கா நீங்க சொன்னதுல அளவே இல்லையே" என்பார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்ததற்கு 2004 டிசம்பர் 26தான் காரணம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.28க்கு. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று எங்கள் கரைக்கு அலை வர அதற்குப் பிறகு சில மணி நேரம் இருந்தது. பூசை முடிந்து எத்தனையோ பேர் மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கடல் பின்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போனவர்களும் உண்டு. விவேகானந்தர் பாறைக்குப் போன சுற்றுலாப் பயணிகள் திரும்ப வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். இத்தனை மணி நேரம் கையில் இருந்தும், "மேட்டுக்கு ஓடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல ஒருவரும் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று சுனாமி எச்சரிக்கை அமைப்பே அப்போது கிடையாது.

புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்ற மீனவ ஊரில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் ஒரு தகவல் மையம் இருந்தது. தினமும் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் சொல்வது அதன் வேலை. ஊர்க்காரர்கள் அந்த ஒலிபெருக்கியிலேயே கத்திச் சொல்லி மக்களை வெளியேற்றிவிட்டார்கள். இதை எனக்குப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். தினமும் பேசிப் பழகிய மைக் என்பதால்தான் அன்றைக்கு அது சொன்னதும் கால்கள் நகர்ந்தன என்பது என் எண்ணம். வருடத்துக்கு ஒருமுறை ஒத்திகைக்கு மட்டும் ஊளையிடுகிற சைரனுக்கு அந்த நம்பிக்கை கிடைக்காது.

2007இல் இன்காய்ஸில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கினார்கள். கடலடி அழுத்தத்தை அளக்கும் கருவிகள், கரையோரக் கடல்மட்ட அளவிகள் எல்லாம் வந்தன. நிலநடுக்கம் வந்த பத்து நிமிடத்துக்குள் முதல் அறிக்கை தயார். அதை நான் நேரில் பார்த்தது 2012 ஏப்ரல் 11. மதியம் 2.08க்கு சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் அதிர்வு. எனக்குச் செய்தி வந்தபோது தட்டில் பாதிச் சோறு இருந்தது. கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்தேன். ஊர் ஊராக மணி அடித்தார்கள். எல்லாரும் மேட்டுக்கு ஓடினார்கள். எட்டு வருடத்துக்கு முந்தைய நினைவு அப்படியே இருந்ததால் யாரையும் வற்புறுத்தவே வேண்டியிருக்கவில்லை.

பெரிய அலை வரவில்லை. அந்த முறை பூமித் தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்திருந்தன. கடல்நீரை மேலே தூக்கியெறியவில்லை. சாயங்காலமே எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். இங்கேதான் என் தவறு. ஓடச் சொல்லப் பதற்றமாக இருந்த நான், "இனி திரும்பலாம்" என்று சொல்ல ஆளனுப்பவில்லை. போனில் இரண்டு ஊருக்குச் சொன்னேன், மற்றவர்களுக்குத் தொலைக்காட்சியில் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஓர் ஊரில் கைக்குழந்தைகளோடு இருட்டும்வரை பாறைமேட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். மறுநாள் அங்கே போனபோது ஒரு அம்மச்சி கோபமாக இருந்தார். மணலில் காயப்போட்டிருந்த நெத்திலி முழுவதும் காக்காயும் நாயும் தின்றுபோயிருந்தது. "வா வான்னு கூப்பிடத் தெரிஞ்சவளுக்கு, போன்னு சொல்லத் தெரியாதா?" என்றார். அலை வராததற்காக அவர் கோபப்படவில்லை. சாயங்காலமே கீழே இறங்கியிருந்தால் பாதிக் கருவாடாவது மிஞ்சியிருக்கும் என்பதுதான் அவர் கணக்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு எச்சரிக்கையோடும் அதை முடித்துவைக்கும் செய்தியையும் முன்கூட்டியே எழுதிப் பக்கத்தில் வைத்துவிடுவேன்.

ஒக்கிப் புயல் பற்றி எழுதாமல் தாண்ட முடியாது. எழுதவும் கை வரவில்லை.

2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலைக்குள் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. வழக்கமான புயல் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே உஷார்ச் செய்தி வரும், 48 மணி நேரத்துக்கு முன்பு அடுத்தது, 24 மணி நேரத்துக்கு முன்பு அடுத்தது என்று படிப்படியாக வரும். அந்தப் படிகள் எதற்கும் ஒக்கி நேரம் தரவில்லை. 29ஆம் தேதி வந்த செய்தியை நான் எல்லா ஊருக்கும் சொன்னேன். எல்லா ஊரிலும் மைக்கில் சொன்னார்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்றோம். அன்று கரையில் இருந்தவர்கள் போகவில்லை.

ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் பக்கத்து ஆட்கள் தங்கல் தொழில் செய்பவர்கள். ஒருமுறை போனால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பார்கள், லட்சத்தீவு தாண்டியும் போவார்கள். செய்தி ஊருக்கு வந்தபோது அவர்கள் போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அன்று மாலை ஒரு பெண் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். என்னைவிடச் சின்னவள். "அக்கா, இத எனக்கு எதுக்குச் சொல்லுதீங்க? நான் வீட்டுலதானே இருக்கேன். அவருக்குச் சொல்லுங்க" என்றாள்.

விஹெச்எஃப் என்ற ரேடியோ செட்டில் கூப்பிட்டுப் பார்த்தோம். அது நேர்க்கோட்டில் போகும் அலைவரிசை. கரையிலிருந்து இருபது, இருபத்தைந்து கடல் மைலுக்கு மேல் போனால் குரல் தேய்ந்துவிடும். கிட்டத்தில் இருந்த படகுக்குச் சொல்லி, அவர்கள் அடுத்த படகுக்குச் சொல்லி, அவர்கள் அதற்கடுத்த படகுக்கு என்று அஞ்சல் செய்தார்கள். அந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் மரமும் மின்கம்பமும் விழுந்து கரண்ட் போனது. செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. எச்சரிக்கை கொடுக்கிற நாங்களே இருட்டில் இருந்தோம். பிறகு பல நாட்கள் எங்கள் வேலை, வந்து கேட்கிறவர்களிடம் பெயர் எழுதி வாங்குவதாக மாறியது. சிலர் லட்சத்தீவிலும் மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் கரை ஏறினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவே இல்லை. அந்தப் பெண் எழுதித் தந்த பெயர் எந்தப் பக்கம் போனது என்பதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம்தான் நான் குறிப்பேட்டை மாற்றினேன். அதுவரை "அனுப்பிய நேரம்" என்று ஒரே ஒரு பத்திதான் இருந்தது. மேலதிகாரிகள் கேட்டதும் அதைத்தான். எத்தனை செய்தி அனுப்பினோம் என்ற கணக்கை வைத்து ஒரு வருடம் பாராட்டும் கிடைத்தது. பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு "பதில் வந்த நேரம்" என்று எழுதினேன். ஊரில் ஒருவர் எழுந்து, கேட்டு, மைக்கில் சொல்லிவிட்டேன் என்று திருப்பிச் சொன்னால்தான் அந்தக் கட்டத்தில் டிக். ஆரம்பத்தில் சலித்துக்கொண்டார்கள். "கேட்டாச்சு அக்கா, தினமும் கேட்டுச்சா கேட்டுச்சான்னு கேக்கீங்களே" என்று ஒரு தம்பி சொன்னான். கேட்கத்தான் வேண்டும் மக்களே என்றேன்.

கருவிகள் இப்போது நன்றாகவே வளர்ந்திருக்கின்றன, அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. 2019இல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்கே எச்சரிக்கை போகும், செல்போனில் படிக்கலாம். ஆனால் அது ஒருவழி. படகிலிருந்து திரும்ப ஒன்றும் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவி பொருத்துகிறார்கள். அதில் இரண்டு பக்கமும் குறுஞ்செய்தி அனுப்பலாம். அன்றைக்கு மாடியேறி வந்த பெண் கேட்டது இதைத்தான். ஏழு வருடம் ஆகியிருக்கிறது.

கரையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று வந்திருக்கிறது. 2023இல் நாடு முழுவதும் சோதித்தார்களே, போன் திடீரென்று அலறி, அதிர்ந்து, திரையில் செய்தி வந்ததே, அதுதான். சாதாரண எஸ்எம்எஸ் ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் போகும். கூட்டம் அதிகமானால் வரிசையில் நிற்கும், சில நேரம் ஆபத்து முடிந்த பிறகு வந்து சேரும். இந்த முறையில் கோபுரம் ஒரே தடவை சொல்கிறது, அதன் எல்லைக்குள் இருக்கிற எல்லா போனும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்கின்றன. யாருடைய எண்ணும் தேவையில்லை. கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வரும் வெளிமாநிலத்தவருக்கு எங்கள் கோயில் மைக்கால் ஒரு பயனும் இல்லை. அவர்களுக்கு இது உயிர் காக்கும். பழைய பட்டன் போன்கள் பலவற்றில் இது வேலை செய்யாது. எங்கள் ஊர்ப் பாட்டிகள் கையில் இருப்பது அந்தப் போன்தான்.

வெளியூர்க்காரர்களை நினைக்கும்போது கள்ளக்கடல் நினைவுக்கு வரும். வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, மழை இருக்காது. பல ஆயிரம் கிலோமீட்டருக்குத் தெற்கே, அண்டார்டிகா பக்கத்துப் பெருங்கடலில் அடித்த புயலில் எழுந்த நீண்ட அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் சத்தமில்லாமல் ஏறும். கள்ளன் போல வருவதால் அந்தப் பெயர். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தார்கள். அந்த நாட்களில் எச்சரிக்கை செய்திகளில் வந்துகொண்டுதான் இருந்தது. திருமண வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்குக் "கள்ளக்கடல்" என்ற சொல் என்ன பொருள் தந்திருக்கும்? அதன் பிறகு நான் அந்தச் சொல்லோடு நிறுத்துவதில்லை. "பார்க்க அமைதியாக இருக்கும், காலைக்கூட நனைக்காதீர்கள்" என்று சேர்த்துவிடுகிறேன்.

மலைப்பக்கத்து நண்பர் ஒருவர் பேச்சிப்பாறை அணைக்குக் கீழே இதே வேலை பார்க்கிறார். 48 அடி அணை, 42 அடி தாண்டினாலே அவருக்குத் தூக்கம் போய்விடும். முன்பு தண்டோரா போட்டார்கள். 2022இல் அரசு அந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்ன பிறகு ஆட்டோவில் ஒலிபெருக்கி. திற்பரப்பு அருவியில் குளிக்கிறவர்களிடம் "தண்ணி வரப் போகுது" என்றால் தண்ணீரைத்தானே தேடி வந்தோம் என்பார்களாம். "கதவு திறந்தாச்சு, அரை மணி நேரத்துல இந்தப் பாறை முங்கிரும்" என்று கையால் பாறையைத் தொட்டுக் காட்டினால்தான் எழுந்திருப்பார்கள் என்றார்.

இதை எழுதும்போது ஆனி மாதம், கடல் கொந்தளிக்கிற நேரம். இன்று காலையும் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை எச்சரிக்கை. ஐந்தரைக்குக் குறிப்பேட்டில் இரண்டு கட்டம் காலியாக இருந்தன. ஓர் ஊரில் போன் எடுக்க ஆறு மணியானது, இரவெல்லாம் கல்யாண வீடாம். இன்னோர் ஊரில் மைக் பழுது. அங்கே ஒரு பையனை சைக்கிளில் துறைக்கு அனுப்பியிருக்கிறேன். சேர்ந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னான். போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.