மச்சானின் தூண்டிலுக்குப் பெயர் ஒட்டிய கதை

மச்சானுக்குத் தூண்டில் ராட் செய்யும் கிறுக்கு பிடித்ததில் வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. மனிதர் பாட்டுக்கு மூலையில் உட்கார்ந்து பிளாங்கில், அதாவது ராடின் வெறும் தண்டில், நூல் சுற்றுவார், தூண்டில் நரம்பு நுழைந்து போகும் வளையங்களான கைடு எல்லாம் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார், யார் வம்புக்கும் போகமாட்டார். ராட் முடியும் தறுவாயில்தான் வினை வந்தது.

"மாப்ள, இதுக்கு ஒரு லேபிள் ஒட்டணும். உன்கிட்டதான் பிரிண்டர் இருக்கே" என்றார்.

பிரிண்டர் வைத்திருப்பவனுக்கு இந்த உலகத்தில் மறுக்கும் உரிமை கிடையாது.

கார்க் பிடிக்குச் சற்று மேலே, முதல் கைடுக்கு முன்னால், பிளாங்க் வெறுமனே கிடக்கும் இடம்தான் லேபிளுக்கு. அந்த இடத்தில் அவருடைய பிளாங்க் 10 மி.மீ. தடிமன். சுற்றளவு 31 மி.மீ. சொச்சம். ராடைத் திருப்பாமல் பார்த்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஒழுங்காகத் தெரியும், மீதி வளைந்து அந்தப் பக்கம் போய்விடும். ஆக, எழுத்தின் உயரம் 4 மி.மீ., மிஞ்சிப்போனால் 5. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ராடின் பெயர், அவர் பெயர், பிள்ளைகள் பெயர், அக்கா பெயர் (பின்னால் செருகப்பட்டது, மை நிறமே வேறு), நீளம், பவர், ஆக்‌ஷன், லைன் (தூண்டில் நரம்பு), லூர் (போலி இரை) எடை, தேதி, கடைசியாக 'முழுக்க முழுக்கக் கையால் செய்தது'.

"மச்சான், இது லேபிளா கல்வெட்டா?"

"சின்ன எழுத்துல போட்டா அடங்கிடாது?"

அடங்காது. ஆங்கில எழுத்தைப் பொடியாக அச்சடித்தாலும் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். நம்முடைய 'ண' சிறுத்தால் சுழிகள் மூன்றும் மையில் அடைத்துக்கொண்டு கரப்பான் பூச்சியை நசுக்கியது போல ஆகிவிடும். புள்ளியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு நான் பயன்படுத்திய டிசைன் சாஃப்ட்வேர் தமிழ் தெரியாதது. 'செய்தது' என்று அடித்தால் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நிற்கும், பக்கத்தில் புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று இலவச இணைப்பு. கடைசியில் வேறொரு புரோகிராமில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கி, அதைப் படமாகக் கொண்டுவந்துதான் ஒட்டவைத்தேன். அதற்குள் வாசகங்கள் பேச்சுவார்த்தையில் குறைந்துகொண்டே வந்தன. பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு ராட் தனியாகச் செய்து தருவதாக வாக்குறுதி கொடுத்து அவர்கள் பெயரை நீக்கினார். அக்கா பெயரை நீக்க என்ன கொடுத்தார் என்பது எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

எண்களில் மட்டும் ஒரு சண்டை. பிளாங்க் செய்தவர்கள் சொன்ன கணக்கு லைன் 8-14 பவுண்டு, லூர் 7-21 கிராம். மச்சானுக்கு அது சப்பென்று இருந்ததாம்.

"30 பவுண்டுன்னு போடு, கெத்தா இருக்கும்."

"அதை நம்பி எவனாவது 30 பவுண்டு லைனைக் கட்டி இழுத்தா லைன் அறாது மச்சான், ராடுதான் முறியும்."

"என் ராடை எவன் தொடப்போறான்?" என்றாலும், கொஞ்சம் யோசித்துவிட்டு 14-க்கே இறங்கி வந்தார்.

பெயர் 'கடலரசன்' என்று முடிவாகியிருந்தது. அவர் மீன் பிடிக்கப் போவது ஏரிக்கு என்பதை அக்கா ஒரு முறை நினைவுபடுத்திப் பார்த்தாள். "ஏரியரசன்னு வச்சா நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். நல்லா இல்லைதான்.

எதில் அச்சடிப்பது என்பது அடுத்த கேள்வி. மூங்கில் ராட் செய்தவர்கள் இந்த இடத்தில் மையால் கையாலேயே எழுதி மேலே வார்னிஷ் பூசிவிடுவார்கள். கச்சிதமான வழி, ஆனால் மச்சானின் கையெழுத்தை மறுநாள் அவராலேயே படிக்க முடியாது. சாதாரண ஸ்டிக்கர் தடிமனாக இருப்பதால், கடைசியில் மேலே பூசும் எபாக்ஸி என்ற கண்ணாடி போன்ற பிசினுக்கு அடியில் விளிம்பு துருத்திக்கொண்டு தெரியும், வளைவில் ஓரம் கிளம்பும். அதனால் வாட்டர்ஸ்லைடு டீகால். தாளின் மேல் ஒரு பசை, அதன் மேல் மெல்லிய படலம், அந்தப் படலத்தில்தான் அச்சு. தண்ணீரில் போட்டால் பசை இளகிப் படலம் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிளாஸ்டிக் விமான பொம்மைகளில் ஒட்டுவார்களே, அதே சமாச்சாரம்.

இதில் ஒரு கண்டம் இருக்கிறது. வீட்டுப் பிரிண்டருக்கு வெள்ளை அடிக்கத் தெரியாது. தாளின் வெள்ளையைத்தான் அது வெள்ளை என்று நம்மிடம் காட்டி ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. மச்சானின் பிளாங்கோ கன்னங்கரேல். கண்ணாடி போன்ற படலத்தில் மஞ்சளை அடித்து அதில் ஒட்டிப் பார்த்தால் எழுத்து மாயமாகிவிட்டது, ஏனென்றால் இங்க்ஜெட் மை ஒளிபுகும் மை, அடியில் இருக்கும் கருப்பு அதை விழுங்கிவிடும். அப்புறம் வெள்ளைப் படலத் தாளை வாங்கி, பின்னணி முழுவதும் கருப்பு அடித்து, எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் வெறுமனே விட்டோம். வெள்ளை எழுத்து பளிச்சென்று வந்தது. ஆனால் பிரிண்டரின் கருப்பும் பிளாங்கின் கருப்பும் வேறு வேறு சாதி. வெயிலில் பிடித்துப் பார்த்தால் ராடில் யாரோ ஒட்டுப்போட்டது மாதிரி ஒரு செவ்வகம்.

"அது பேனல். டிசைன்லயே இருக்கு" என்றார் மச்சான், கண்ணைக்கூட இமைக்காமல்.

வெட்டிய ஓரத்தில் வெள்ளைக் கோடு மயிரிழை அகலத்தில் தெரிந்தது. இரு முனைகளையும் நூல் சுற்றி மறைக்கலாம், நீளவாட்டு ஓரத்துக்கு அது ஆகாது. அக்காதான் மெல்லிய பிரஷ்ஷால் கருப்பு அக்ரிலிக் பெயின்டைத் தீட்டிச் சரிசெய்தாள். அந்த வீட்டில் கை நடுங்காத ஆள் அவள் ஒருத்திதான்.

இங்க்ஜெட் அச்சின் மேல் கிளியர் ஸ்ப்ரேயை மெல்லிசாகச் சில பூச்சு அடித்து, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் தண்ணீரில் போட வேண்டும். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மச்சான் ஒன்றை வெட்டிக் கிண்ணத்தில் போட்டுவிட்டார். தண்ணீர் கருநீலமானது. கடலரசன் ராட் செய்து முடிப்பதற்கு முன்பே கடலில் கரைந்துபோனான்.

ஸ்ப்ரே காய்ந்ததும் அடுத்ததை எடுத்தோம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பிளாங்கைத் துடைத்து விரல் எண்ணெயை எடுத்தாயிற்று. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம். தாள் சுருண்டு, மறுபடி தானாகவே விரிந்தது. பிளாங்கில் ஒரு சொட்டு நீர் விட்டு, டீகாலை மேலே வைத்து, படலத்தை விரலால் லேசாகத் தள்ளினால் வெண்ணெய் மாதிரி நகர்கிறது. இனி நடுவிலிருந்து ஓரத்துக்கு டிஷ்யூவால் ஒற்றி ஒற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், காற்று மாட்டிக்கொண்டால் அந்த இடம் வெள்ளி அடித்தது போல மினுங்கும். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்துத்தான் மச்சானுக்குச் சந்தேகம் வந்தது.

"மாப்ள, எழுத்து எந்தப் பக்கம் பார்த்து இருக்கணும்?"

ஸ்பின்னிங் ரீல் (லைன் சுற்றியிருக்கும் கருவி) ராடுக்கு அடியில் தொங்கும், ஆகவே லேபிள் மேல் பக்கம். அதுவரை தகராறு இல்லை. ஆனால் தலைகீழாக இல்லாமல் படிக்க வேண்டியது யார், ராடைப் பிடித்திருப்பவரா, எதிரே நின்று பார்ப்பவரா? அவர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. படலம் காய்ந்துகொண்டிருந்தது. "மீனோட போட்டோ எடுப்பீங்கல்ல, அதுல நேரா தெரியற மாதிரி வைங்க" என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். உடனே செல்ஃபி கேமராவைத் திறந்து ராடைத் தூக்கிக் காட்டியவர் அலறினார், "டேய், எழுத்தெல்லாம் திரும்பி இருக்குடா!" முன் கேமரா கண்ணாடி போலத்தான் காட்டும் என்று புரியவைத்து, அவர் கையிலிருந்து ராடை வாங்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

ஒரு நாள் முழுக்க காயவிட்டு எபாக்ஸி. இரண்டு திரவம், இரண்டு தனித்தனி சிரிஞ்ச், சம அளவு. கலக்கும்போது நிதானம் வேண்டும், இல்லாவிட்டால் குமிழி. பூசிய பிறகு ராட் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் எபாக்ஸி ஒரு பக்கம் தொங்கிவிடும். மெதுவாகச் சுற்றும் மோட்டாரில் மாட்டி, குமிழிகளின் பக்கத்தில் சுடரை லேசாகக் காட்டி உடைத்துவிட்டு, தூங்கப் போனோம்.

காலையில் அக்காதான் முதலில் பார்த்தாள். ஒரே ஒரு குமிழி தப்பியிருந்தது. கருப்புப் பின்னணியில் வெள்ளையாக, உருண்டையாக, சரியாக 'ர'வின் தலைக்கு மேல். இறுகிப் போயிருந்தது.

'கடலர்சன்.'

நார்வேயிலிருந்து வந்த ஆள் மாதிரி இருந்தது. தேய்த்து எடுத்துவிட்டு இன்னொரு கோட் அடிக்கலாம் என்றேன். எபாக்ஸியைத் தேய்க்கும்போது டீகால் வரை போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து. மச்சான் யோசித்தார். அந்த வாரக் கடைசியில் ஏரிக்கரையில் பக்கத்துத் தூண்டில்காரர் எட்டிப் பார்த்து, "கடலர்சனா? இம்போர்ட்டடா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். மச்சான் இல்லை என்று சொல்லவில்லை. தேய்க்கும் பேச்சு அத்தோடு நின்றது.

இப்போது அடுத்த ராட் தயாராகிறது. அச்சடித்த தாளில் 'கடலரசன் 7 அடி' இன்னும் நிறைய மிச்சமிருப்பதால் அந்த ராடும் 7 அடிதான், வேறு நீளத்துக்கு அனுமதியில்லை. புதிதாகப் புள்ளியோடு அச்சடித்துத் தருகிறேன் என்றால், இருப்பது வீணாகும் என்கிறார். ஆகவே எபாக்ஸி ஈரமாக இருக்கும்போது ஊசியை வைத்துக்கொண்டு 'ர'வின் மேல் ஒரு குமிழியை நிறுத்த நேற்று பாதி ராத்திரி வரை பாடுபட்டார். ஊசி வைத்த இடத்தில் எபாக்ஸி வழவழவென்று மூடிக்கொண்டது. குமிழி தானாகவே வந்து 'ட'வின் மேல் உட்கார்ந்துவிட்டது.

கேட்பவர்களிடம் கடலர்சனும் கட்லரசனும் அண்ணன் தம்பி மாடல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.